பாம்பற்ற தோட்டம்

லாரியின் ஹார்ன் விடாமல் அலறியது. கிந்தா ஊர்வன ஆராய்ச்சிக் கழகத்தின் வாசலில் நின்ற மழைமரத்துக் காகங்கள் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பிப் பறந்தன. உள்ளே உடும்பு ஒன்றின் தாடையெலும்பைத் துடைத்துக்கொண்டிருந்த யேசுதாசன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினான். தோட்டத்து லாரி இப்படி அலறிக்கொண்டு ஈப்போ நகருக்குள் வந்தால் அதன் பின்பக்கத்தில் பாம்பு கடித்த ஓர் ஆள் படுத்திருப்பார். அந்த ஆளுக்குக் கண்ணிமை தூக்க முடியாமல் போயிருக்கும். பேச்சு குழறும். தூரத்துச் சுங்காயிலிருந்து வரும் லாரி என்றால் வந்து சேரும்போது பேச்சே இருக்காது.

பின்பக்கத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. ரோத்தான் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பழனியப்பன், வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீற்றுப் பட்டையுமாக இறங்கினார். அவருக்குப் பின்னால் செல்லாயி, மஞ்சள் துணி கட்டிய ஒரு மண்கலயத்தை மார்போடு அணைத்தபடி இறங்கினாள்.

"யாரக் கடிச்சிச்சுண்ணே?" என்றான் யேசுதாசன் மூச்சிரைக்க.

"யாரையும் கடிக்கல சார். ஹார்னு சிக்கிக்கிச்சு. கோப்பெங்லேருந்து இப்படியேதான் கத்துது. வழியெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டானுங்க, மந்திரி வார மாதிரி." பழனியப்பன் டிரைவரைப் பார்த்து அதட்டினார். "டேய், வயரப் புடுங்குடா!"

டிரைவர் வயரைப் பிடுங்கினான். அமைதி வந்தது.

"நீங்க கேட்டதக் கொண்டாந்துட்டோம்" என்றார் பழனியப்பன்.

யேசுதாசன் கேட்டது ஒரு பாம்பு. போன மாதம் ரோத்தான் தோட்டத்துக் கோயில் கொட்டகையில் நின்று, கைகூப்பாத குறையாகக் கேட்டிருந்தான். நல்ல பாம்பு ஒன்று அடிபட்டால் தூக்கி எறியாதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள் என்று. அவன் லாரிக்குள் எட்டிப் பார்த்தான். சாக்கு இல்லை, கூடை இல்லை.

"பாம்பு எங்கண்ணே?"

செல்லாயி கலயத்தை நீட்டினாள். "இதான் தம்பி."

துணியை அவிழ்த்தான். உள்ளே சாம்பல். நடுநடுவே ஊசி ஊசியாக வெந்த எலும்புத் துண்டுகள். மேலே ஒரு காசு.

"நல்ல பாம்பு இல்லையா" என்றாள் செல்லாயி. "அடிச்சிட்டு அப்படியே போட முடியுமா? பால் ஊத்தி, காசு வெச்சி, கித்தா மரத்துக் கட்டை அடுக்கி எரிச்சோம். ஒரு கொறையும் வைக்கல. மூணாம் நாள்தான் அள்ளுனோம்."

"தலையாவது மிச்சம்…"

"தலையத்தான சார் மொதல்ல நசுக்குனோம்!" என்றார் பழனியப்பன், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

யேசுதாசன் செல்லாயியைப் பார்த்தான். அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. போன மழைக்காலத்தில், வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களின் அடுக்கிலிருந்து விறகு உருவப்போன அவள் கணவன் சீனியை நல்ல பாம்பு கடித்தது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. மருந்து ஈப்போவில், இந்தக் கட்டடத்துக்குள் இருந்தது. ஈப்போவுக்குப் பாதி வழியில், "கண்ணு தொறக்க மாட்டேங்குது புள்ள" என்று சொன்னதுதான் சீனியின் கடைசிப் பேச்சு.

"அக்கா, வீட்டுக்காரரக் கடிச்ச பாம்புக்கா பால் ஊத்துனீங்க?"

"அதுக்காக மொறைய விட முடியுமா? அவருக்குந்தான் ஊத்துனேன்."

யேசுதாசன் கலயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

*

கிந்தா ஊர்வன ஆராய்ச்சிக் கழகத்தின் தலையாய நோக்கம், தோட்டத்து மக்களைப் பாம்புக்கடியிலிருந்து காப்பது. இது கட்டடத்தின் முகப்பில் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. அதற்கான விஷமுறிவு மருந்து பாங்காக்கிலிருந்து வந்து, இயக்குநர் டாக்டர் பெரியநாயகத்தின் அறையில் உள்ள குளிர்ப்பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டது. சாவி அவருடைய இடுப்புச் சங்கிலியில் இருந்தது. மருந்து பத்திரமாக இருக்கிறது என்பதில் கழகத்துக்கு மிகுந்த பெருமை.

மருந்தைத் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசரிடமே ஒரு பெட்டி கொடுத்து வைத்துவிட்டால், கடிபட்ட ஆள் லயத்திலேயே பிழைத்துக்கொள்வான். அதற்கும் வழி இருந்தது. தோட்டம் 'பாம்புள்ள தோட்டம்' என்று கழகத்தால் ஏற்கப்பட வேண்டும். அதற்கு அத்தோட்டத்துப் பாம்பு ஒன்று, முழு உடலாக, தலை சிதையாமல், ஸ்பிரிட்டில் ஊறிய நிலையில் வந்து சேர வேண்டும்.

கழகம் தொடங்கிய நாளிலிருந்து பேராக் மாநிலத்தின் எந்தத் தோட்டத்திலிருந்தும் அப்படி ஒரு நல்ல பாம்பு வந்ததில்லை. அடித்தால் தலையை நசுக்கிவிடுவார்கள். நசுக்கினால் எரித்துவிடுவார்கள். ஆகவே பேராக் தோட்டங்களில் நல்ல பாம்பு கிடையாது என்பது கழகத்தின் ஆராய்ச்சி முடிவு. ஆண்டுதோறும் இந்த முடிவு மேலும் உறுதிப்பட்டு வந்தது.

டாக்டர் பெரியநாயகம் லண்டனில் ஆமை ஓட்டைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர். ஓடுள்ள பிராணிகளின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு, ஓடில்லாதவற்றின் மேல் இல்லை. அறைக்குள் பல்லி வந்தால் யேசுதாசனைக் கூப்பிடுவார். சிலிபினில் வாடகை வீடு, ஒரு பழைய ஹோண்டா கப், விலங்கியலில் முதுகலைப் பட்டம், இவ்வளவுடன் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த யேசுதாசன் அந்தப் பல்லியைப் பிடித்து வெளியே விடுவான். அந்த ஆண்டு அறிக்கையில் அது களப்பணியில் சேரும்.

கலயம் ஆய்வுக் குழுவின் மேசைக்கு வந்தது.

"இது என்ன மிஸ்டர் யேசுதாசன்?"

"நல்ல பாம்பு, சார்."

டாக்டர் பெரியநாயகம் கண்ணாடியை மாட்டிக் கலயத்துக்குள் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாம்புன்னா நீளம் இருக்கணும். இதுக்கு நீளம் எங்க?"

"எரிச்சிட்டாங்க, சார். அவங்க வழக்கம். ஆனா இந்த எலும்புகளப் பாருங்க, முதுகெலும்பு பந்துக்கிண்ண மூட்டு…"

"தலை?"

"இல்ல."

"தலையில்லாத, நீளமில்லாத, தோலில்லாத ஒன்ன நான் பாம்புன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஆளாளுக்கு அடுப்புச் சாம்பல அள்ளிட்டு வருவாங்க. பேராக் முழுக்கப் பாம்பு நிறைஞ்சிரும். பிறகு நம்ம கழகம் எதுக்கு இருக்கு?"

குழு உறுப்பினர் ஒருவர், இதை ஸ்பிரிட்டில் கரைத்து வைக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர், உள்ளே கிடந்த காசு எந்த ஆண்டுடையது என்று ஆர்வமாகப் பார்த்தார். இறுதியில் கலயம் 'பொடி வடிவ மாதிரி, பெயர் தெரியாதது' என்று எழுதப்பட்டு, ஆமை ஓடுகளுக்கு நடுவே அலமாரியில் வைக்கப்பட்டது. விரிவான கலந்துரையாடலுக்காகக் குழுவுக்குக் கறிபஃப் வந்தது.

"சார், போன மழையில அங்க ஒரு ஆள் செத்துப் போனாரு" என்றான் யேசுதாசன்.

"வருத்தமான விஷயம். அவரையும் எரிச்சிட்டாங்களா?"

"ஆமாம், சார்."

"பாருங்க" என்றார் டாக்டர் பெரியநாயகம் குழுவைப் பார்த்து. "எதையுமே மிச்சம் வைக்க மாட்டேங்கறாங்க."

*

அடுத்த ஞாயிறு யேசுதாசன் கோயிலுக்குப் போகவில்லை. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா இருதயமேரி, "பாம்புக்காகப் பூசய விடுறியே, ஆதி ஏவாளும் இப்படித்தான் ஆரம்பிச்சா" என்று வழியனுப்பினாள். அவன் ஹோண்டா கப்பில் சுங்காய்க்குப் போனான்.

ரோத்தான் தோட்டத்தில் பாதி ரப்பர் விழுந்துவிட்டது. வெட்டிய மரங்கள் வரிசை வரிசையாக மட்கிக் கிடந்தன. மீதிப் பாதியில் செம்பனை காய்த்துத் தள்ளியது. பழத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பு வந்தது. மரத்தடுக்குகளில் அது குட்டியும் குடும்பமுமாகத் தங்கிவிட்டது. தோட்டத்துத் துரைக்கு இது தெரியும். பாம்பு இருக்கும் வரை எலிமருந்து வாங்க வேண்டியதில்லை என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

கோயில் கொட்டகையில் லயத்துச் சனம் கூடியது.

"சாம்பல ஏத்துக்கலியா?" பழனியப்பன் முகம் தொங்கிப் போயிற்று. "என்னா சார் இது, சூசாவா இருக்கு, ஒரே தொல்ல! பாம்பு செத்ததுக்குச் சாம்பலுக்கு மேல என்னா சாட்சி வேணும்? மனுஷன் செத்தா நாங்க சாம்பலத்தான அள்ளிட்டு வாரோம்?"

"முழுசா வேணுமாம், அண்ணே. தலைய நசுக்காம, எரிக்காம."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் பாப்பா, கக்கத்தில் பிள்ளையை இடுக்கியபடி சத்தமாகவே கேட்டாள்: "எரிக்காம விட்டா அது ஜோடி தேடிக்கிட்டு வரும்ல? வந்தா அந்தப் பெரியநாயகம் வீட்டுக்கா போவும்? நம்ம லயத்துக்குத்தான வரும்?"

"பாம்புக்கு ஜோடி ஞாபகமெல்லாம் கெடையாது பாப்பா" என்றான் யேசுதாசன்.

"ஒங்களுக்குக் கல்யாணமாவல சார். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை.

"தம்பி, ஒரு பாம்ப அடிச்சி, ஊறுகா மாதிரி போத்தல்ல போட்டு, நாலு பேரு வேடிக்கை பாக்க வெக்கிறதுக்கு என்னால ஆவாது. அந்த மருந்து வேணும். அது தெரியாதவ இல்ல நானு. ஆனா இது ஆவாது."

"கொல்ல வேணாம், அக்கா. நான் உயிரோட புடிச்சிட்டுப் போறேன். காட்டுறேன். காட்டிட்டு இங்கயே கொண்டாந்து விட்டுர்றேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

"ஒங்க மாதா காலுக்கடியிலயே ஒரு பாம்பு கெடக்குதாமே" என்றாள் பாப்பா. மறுபடியும் சிரிப்பு.

யேசுதாசன் மோட்டார் பட்டறைக்காரர்கள் வெல்டிங்குக்குப் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அந்தப் பக்கத்து நல்ல பாம்பு கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீய்ச்சும். மரத்தடுக்கின் ஓரமாகக் குந்தி, ஒரு கட்டையைக் கம்பியால் மெல்லப் புரட்டினான். கறுப்பாக ஒன்று எழுந்தது. படம் விரிந்தது. சீறல் வந்ததும் அவன் கண்ணாடியில் எச்சில் போலத் துளிகள் தெறித்தன. அவன் அசையவில்லை. கொக்கிக் கம்பியை அதன் நடுவுடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, வாலைப் பிடித்து, சாக்கின் வாயைக் காட்டினான். இருட்டைக் கண்டதும் அது தானாக உள்ளே போயிற்று. ஒரு பக்கப் படத்தில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது.

வேலை என்று அவன் படித்தது இதைத்தான். அந்த ஒரு நாள் அவன் விஞ்ஞானியாக இருந்தான்.

*

"இது உயிரோட இருக்கே" என்றார் டாக்டர் பெரியநாயகம், நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி.

"ஆமாம், சார். ரோத்தான் தோட்டத்துப் பாம்பு. முழுசா இருக்கு. தலை சிதையல."

"விதியில என்ன இருக்கு? முழு உடல். உயிரோட இருக்கிறத உடல்னு சொல்ல மாட்டாங்க, மிஸ்டர் யேசுதாசன். உங்களயே எடுத்துக்கங்க. இப்ப உங்களப் பாத்து யாராவது 'உடல் வந்திருக்கு'ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"அப்படின்னா…"

"ஸ்பிரிட்டுல போடுங்க. நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

யேசுதாசன் சாக்கைப் பார்த்தான். ஒரு ஜாடி, கொஞ்சம் ஸ்பிரிட். ரோத்தான் தோட்டத்துக்கு மருந்துப்பெட்டி வந்துவிடும். செல்லாயியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லிச் சாக்கைத் தன் அறைக்கு எடுத்துப் போனான். அந்த ஒரு நாளை அவன் பிற்பாடு பல முறை நினைத்துப் பார்த்தான்.

ஏனென்றால் மறுநாள் காலையில் இயக்குநரே அவனைத் தேடி வந்தார். கழகத்தின் ஆண்டு விழாவுக்கு 'ஆசிய ஊர்வன அரங்கம்' திறக்கப்போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிகள் தயார். நாட்டுப் பெயர்ப் பலகைகளும் எழுதியாகிவிட்டன. தாய்லாந்துப் பெட்டி மட்டும் காலியாக இருந்தது.

"இதத் தாய்லாந்துல போட்டுருங்க" என்றார்.

"சார், இது சுங்காய்ப் பாம்பு!"

"பலகை எழுதியாச்சு. பாம்புக்குப் படிக்கத் தெரியாது. பாக்க வர்றவங்களுக்குப் பாம்பு தெரியாது. யாருக்கு என்ன நஷ்டம்?" பிறகு குரலைத் தணித்து, தகப்பன் மாதிரி சொன்னார்: "உங்க தோட்டத்த நான் மறக்கல. அவங்களுக்கு ஒரு பெரிய கௌரவம் வெச்சிருக்கேன்."

அந்தக் கௌரவம், 'பாம்பற்ற தோட்டம்' என்ற பித்தளைக் கேடயம். பாம்பு எதுவும் ஒப்படைக்காத தோட்டங்கள் பேராக்கில் எல்லாமே. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குழுவுக்குக் கடினமாக இருந்தது. ரோத்தான் தோட்டம் ஏன் வென்றது என்பதை அறிக்கை தெளிவாகச் சொன்னது: மற்ற தோட்டங்கள் பாம்பை வெறுமனே ஒழித்தன, ரோத்தான் தோட்டமோ சாம்பல் வரை ஒழித்து, அதற்கு ஆதாரமும் அனுப்பியிருந்தது.

*

விழாவுக்கு ரோத்தான் லயத்துச் சனம் லாரியில் வந்து இறங்கியது. பழனியப்பன் கோட்டு போட்டிருந்தார். வருகிற வழியில்தான் அழைப்பிதழைப் பார்த்து, அவருக்குக் கேடயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"சார், பாம்பு இல்லன்னு எழுதி எங்ககிட்டயே குடுக்குறாங்க. வாங்கவா வேணாமா?"

"வாங்காட்டி துரை விடுவாராண்ணே?"

"போட்ட கோட்டே அவரு கோட்டுத்தான்" என்றார் பழனியப்பன்.

அரங்கில் தாய்லாந்துப் பெட்டியின் முன்னால் செல்லாயி நின்றுவிட்டாள். பாம்பு தலை தூக்கியது. படத்தில் அந்தத் தழும்பு.

"தம்பி, இது நம்ம மரத்தடுக்குப் பாம்புல்ல?"

யேசுதாசன் தலையசைத்தான்.

"காட்டிட்டுக் கொண்டாந்து விடுறேன்னு சொன்னீங்க."

"விட்டுர்றேன் அக்கா. விழா முடியட்டும்."

"மருந்து?"

அந்த நேரம் தலைமை விருந்தினர் வந்து, இது என்ன வகை என்று கண்ணாடியைத் தட்டினார். பாம்பு உள்ளிருந்து பீய்ச்சியது. துளிகள் கண்ணாடியில் வழிந்தன. "தாய்லாந்துப் பாம்புகளுக்கு மரியாதை போதாது" என்று டாக்டர் பெரியநாயகம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மேடையில் கேடயம் பழனியப்பன் கைக்கு மாறியது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! முன்பெல்லாம் தோட்டத்துத் தொழிலாளி காலடியில் பாம்பு இருக்குமோ என்று பயந்து நடந்தான். இன்று அந்தப் பயம் இல்லை. ஏனென்றால், பாம்பு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பை அவன் தலையிலிருந்து இறக்கி, நாங்கள் ஏற்றுக்கொண்டோம்…"

வாசலில் பிரேக் கிறீச்சிட்டது. சுங்காய் மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் காய்கறி வேன். பின்கதவு திறந்தது. முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில் பாப்பா படுத்திருந்தாள். வலது கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று விழாவுக்கு வராமல், பிள்ளை தூங்கிய நேரத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போனவள். மட்டைக் குவியலுக்குள் கையை விட்டிருக்கிறாள். தோட்டத்து லாரி, ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. தவுக்கேதான் கடையைப் பூட்டிவிட்டு ஓட்டிவந்திருந்தார்.

"சப்பாட், சப்பாட்! சீக்கிரம் லா!" என்று கத்தினார் தவுக்கே.

வாசல் காவலாளி தடுத்தான். "பாம்பு எங்க?"

"என்னா பாம்பு? ஓராங் மாத்தி லா! ஆளு சாவுது!"

"பாம்பு இருந்தாத்தான் உள்ள விடச் சொல்லியிருக்கு."

யேசுதாசன் காவலாளியைத் தள்ளிவிட்டு வேனுக்குள் குனிந்தான். பாப்பாவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. "சார்… ஜோடி வந்திருச்சு சார்" என்றாள் குழறலாக. அந்த நிலையிலும் அவளுக்கு அவனைக் கேலி செய்ய முடிந்தது. அல்லது அது கேலி இல்லையோ என்னவோ.

அவன் மேடைக்கு ஓடினான். இயக்குநரின் காதருகில் குனிந்தான். "சார், குளிர்ப்பெட்டிச் சாவி. ரோத்தான் தோட்டத்துல கடிபட்டு வந்திருக்காங்க."

இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். "பாம்பு வந்திருக்கா?"

"பாம்பு வரல, சார். ஆள் வந்திருக்கு!"

டாக்டர் பெரியநாயகம் கையை எடுத்தார். முகம் மலர்ந்தது. "அன்பர்களே, இந்த நிமிடம் வந்த செய்தி. ரோத்தான் தோட்டத்திலிருந்து இன்றும்கூடப் பாம்பு வரவில்லை!"

கைதட்டல் எழுந்தது.

யேசுதாசன் இறங்கி அவரது அறைக்கு ஓடினான். பின்னாலேயே பழனியப்பனும் செல்லாயியும் ஓடிவந்தார்கள். குமாஸ்தா எல்ஸி பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். குளிர்ப்பெட்டியின் பூட்டு, உருப்படியான பூட்டு.

"சார், தள்ளுங்க" என்றார் பழனியப்பன். கையில் வேறு எதுவும் இல்லை. கேடயத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, விறகு பிளக்கிற மாதிரி போட்டார். மறுபடியும் போட்டார். பூட்டு தெறித்தது. கேடயத்தின் நடுவில் பெரிய பள்ளம்.

உள்ளே ஆரஞ்சு பானப் புட்டிகள். ஒரு டப்பாவில் டுரியான். அவற்றுக்குப் பின்னால், கட்டுப் பிரிக்காத மருந்துப் பெட்டிகள்.

எல்ஸி ஒன்றைத் திருப்பிப் பார்த்து வாயைப் பொத்தினாள். "சார், தேதி முடிஞ்சிருச்சு. போன தீபாவளிக்கு முன்னாடியே."

"எல்லாமா?"

"எல்லாந்தான். ஒண்ணுகூட வெளிய போனதில்லையே, சார்."

யேசுதாசன் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தேதியைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், வேறு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் ஊசியில் ஏற்றினார்.

பாப்பா பிழைத்தாள். இரண்டு விரல்கள் பிழைக்கவில்லை.

*

விசாரணை ஆய்வுக் குழுவின் அறையில் நடந்தது. குற்றங்கள் வாசிக்கப்பட்டன. கழகக் குளிர்ப்பெட்டியை உடைத்தது. கௌரவக் கேடயத்தில் பள்ளம் விழக் காரணமாக இருந்தது. பாம்பைக் காணாமல் மருந்து கொடுத்தது. தேதி முடிந்த மருந்தைக் கொடுத்தது தனிக் குற்றமாகச் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் தேதியைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று உறுப்பினர் ஒருவர் நினைவூட்டினார்.

யேசுதாசன் எதையும் மறுக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க, சார். புது மருந்து வந்ததும் ஒரு பெட்டி ரோத்தான் தோட்டத்து டிரெசர்கிட்ட குடுத்துருங்க."

"கேடயம் வாங்கின தோட்டத்துக்கா?" டாக்டர் பெரியநாயகம் உண்மையிலேயே வருந்தினார். "அந்தப் பொண்ணு எதக் கையால தொட்டுச்சோ. முள்ளா இருக்கலாம். பூரானா இருக்கலாம். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல, மிஸ்டர் யேசுதாசன். ஒரு பாம்பு. முழுசா, தலையோட, ஊறினதா. இந்த மேசைல வையுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கதவு தட்டப்பட்டது. எல்ஸி தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் செல்லாயி நின்றாள். கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். அவளுக்குப் பின்னால் பழனியப்பன். இந்த முறை கோட்டு இல்லை. தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

செல்லாயி யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து டின்னை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். சம்சு வாடை குப்பென்று அறை முழுக்கப் பரவியது. உள்ளே, சாராயத்தில் சுருண்டு, தலை கசங்காமல், கண் திறந்தபடி, கறுப்பாக ஒரு நல்ல பாம்பு.

"ஸ்பிரிட்டு கெடைக்கல" என்றாள். "நம்ம பாம்பு இன்னும் ஒங்க கண்ணாடிப் பொட்டியிலதான கெடக்கு, இது மரத்தடுக்குக்கு இந்தப் பக்கம் கெடந்துச்சு. தலைல அடிக்கல. கழுத்துல கம்ப வெச்சி அழுத்துனேன். ரொம்ப நேரமாச்சு. எரிக்கல. பால் ஊத்தல."

யேசுதாசன் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா…"

"இருக்கட்டும் தம்பி. பாப்பா கையப் பாத்தேன்." அவள் புடவைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு காசை எடுத்தாள். டின்னுக்குள் போடப் போனவள், போட்டால் விதிக்கு ஆகாதோ என்று நினைத்தாளோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டாள். காசு அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. "முழுசா இருக்குங்கய்யா. அளந்து பாத்துக்கங்க. மருந்தக் குடுங்க."

டாக்டர் பெரியநாயகம் கண்ணாடியை மாட்டினார். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். உறுப்பினர் ஒருவர் அளவுகோலை எடுத்துக் கொடுத்தார். தலை இருந்தது. நீளம் இருந்தது. தோல் இருந்தது. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அந்த முகத்தில் நெஞ்சார்ந்த மகிழ்ச்சி தெரிந்தது.

"ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்கம்மா. அங்க இருந்த பாம்பையும் கொண்டாந்துட்டீங்க. இனிமே அந்தத் தோட்டத்துக்கு மருந்து எதுக்கு?"